காசு நாறாதாம், நாங்க மட்டும் நாறுவோமா?

"பேருல என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. தன் பேரைச் சொன்னதும் எதிராளி முகம் சுளிக்காத ஆட்களுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் வசதி இருக்கிறது. நம்மிடம் பேர் கேட்பவன் பேரோடு நிறுத்துவதில்லை. அப்பா பேர் என்ன, ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம், குலசாமி எது, கறி சாப்புடுவீங்களா என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அவனுக்கு வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவான். அவன் தேடியது நம்முடைய பேரை அல்ல, நமக்கான இடத்தை.

ஆகவே பேரைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு அல்ல தோழர்களே. இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது நம்முடைய பேரைக்கூட அல்ல, ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயரை. பெரம்பூரிலிருந்து கிளம்பும் 29சி பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் பேர். பல ஆயிரம் பேர் தினமும் டிக்கெட் வாங்கும்போது வாயால் சொல்லும் பேர்: பெசன்ட். பெசன்ட் நகர் அன்னி பெசன்ட் அம்மையாரின் பேரால் அமைந்தது என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, அதைச் சுமந்தவர் நம்மைப் பற்றி என்ன எழுதினார் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தராததை நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1

இன்று இஸ்தான்புல் என்று வழங்கும் நகரத்தின் பழைய கிரேக்கப் பெயர் பைசாண்டியம். கி.பி. 330-ல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைத் தன் தலைநகராக்கினான். அவன் காலத்தில் அடிக்கத் தொடங்கிய தங்கக்காசு ஏறத்தாழ நாலரை கிராம் எடை கொண்டது. பல நூற்றாண்டுகள் தரம் குறையாமல் ஓடியது. அதன் செல்வாக்கு எதுவரைக்கும் எட்டியது என்பதற்கு 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர் எழுதிவைத்த ஒரு கதை இருக்கிறது. கதை நடப்பது நமக்குப் பக்கத்தில், இலங்கையில். ரோமானிய வணிகன் சோபட்ரஸும் பாரசீக வணிகன் ஒருவனும் இலங்கை அரசன் முன்னால் நின்றுகொண்டு, உன் ராஜா பெரியவனா என் ராஜா பெரியவனா என்று வழக்காடுகிறார்கள். ரோமானியன் தங்கக்காசை எடுத்து வைக்கிறான். பாரசீகன் வெள்ளிக்காசை எடுத்து வைக்கிறான். தங்கம் ஜெயித்துவிடுகிறது.

மேற்கு ஐரோப்பா இந்தக் காசை அதன் ஊர்ப் பேராலேயே அழைத்தது. லத்தீனில் பைசாண்டியஸ், பழைய பிரெஞ்சில் பெசான்ட். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக அங்கே குடியேறின. இதுவும் அவற்றில் ஒன்று. காசு அடிக்கிறவனுக்கோ, மடியில் காசு கனத்தவனுக்கோ பட்டப்பேராக ஒட்டிக்கொண்டது. பட்டப்பேர் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிக் குடும்பப் பெயராயிற்று. இங்கிலாந்துப் பிரபுக்களின் கேடயச் சின்னங்களில் வரையும் தங்க வட்டத்துக்கும் இதே பேர்தான்.

ஆக, பெசன்ட் நகரை வேர் பிரித்துத் தமிழில் சொன்னால் பொற்காசு நகர். அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

2

வெள்ளைக்காரனின் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நாலு வழியில் வந்தவை. இருந்த இடத்தால் வந்தது, அப்பன் பேரால் வந்தது, செய்த தொழிலால் வந்தது, பட்டப்பேரால் வந்தது. முதலில் நிலம் வைத்திருந்தவர்கள் பத்திரத்துக்காகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு வரி வசூலிக்கவும் கோர்ட்டில் எழுதவும் வசதியாக எளிய மக்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் தொழிலால் வந்த பேர்களை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்மித் என்றால் கருமான். பார்பர் என்றால் முடிதிருத்துபவர். டேனர் என்றால் தோல் பதனிடுபவர். ஸ்கின்னர் என்றால் தோல் வேலை செய்பவர். ஃபுல்லர், வாக்கர் இரண்டும் துணியை மிதித்துத் துவைத்து இறுக்குபவர்கள். செக்ஸ்டன் என்றால் கோயில் வேலையோடு சவக்குழியும் வெட்டுகிறவர். நம்ம ஊரில் எந்தெந்த வேலையைச் சொல்லி மனிதர்களை ஊருக்கு வெளியே தள்ளினார்களோ, அந்த வேலைகள் எல்லாம் அங்கே குடும்பப் பெயராக இருக்கின்றன. வரிசையாக, பளிச்சென்று, வெட்கமில்லாமல்.

ஆனால் டேனர் என்று பேர் வைத்திருக்கிற ஒரு இங்கிலீஷ்காரனை யாராவது செத்த மாட்டைத் தூக்கக் கூப்பிடுகிறார்களா? செக்ஸ்டன் வீட்டுப் பையன் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்த பையன் எழுந்து போகிறானா? 1381 உழவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வாட் டைலரின் பேருக்கு ஓடு வேய்பவன் என்று பொருள். சுமார் அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1979-ல், கூரை வேய்பவர் என்று பொருள்படும் பேரோடு மார்கரெட் தாட்சர் அதே நாட்டின் பிரதமரானார். அவருக்கும் அது புருஷன் வழியில் வந்த பேர்தான். பேரில் உழைப்பாளி; 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நசுக்கியபோது அந்தப் பேர் அவரைத் தடுக்கவில்லை. ஆக, தொழிலைக் குறித்த பேர் அவர்களை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பேர் தொழிலிலிருந்து கழன்றுகொண்டுவிட்டது.

ஏன் கழன்றது? வெள்ளைக்காரன் நல்லவன் என்பதால் அல்ல. அங்கே வர்க்கக் கொடுமை இருந்தது, இருக்கிறது. 1348-49 கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது வேலைக்கு ஆள் பஞ்சம் வந்து, உழைக்கிறவன் ஊரை விட்டு ஊர் போனான். கருமான் மகன் வேறு வேலைக்குப் போனான். டேனர் மகளை ஃபுல்லர் மகன் கட்டினான். தொழிலைப் பிறப்போடு கட்டி, பிறப்பைத் தீட்டோடு கட்டி, அந்தக் கட்டுக்கு மதத்தின் முத்திரையும் போட ஒரு மனு அங்கே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள்ளேதான் நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் புதைந்து கிடக்கிறார்கள்.

எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டேனிஷ்காரர் ஷ்மிட் என்பவருக்காகக் கட்டியது. ஷ்மிட் என்றாலும் கருமான்தான். அதன் நிழலில் சுண்டல் தின்கிற எவனும் ஷ்மிட் என்ன சாதி என்று கேட்பதில்லை.

3

இப்போது அன்னி அம்மையாரிடம் வருவோம். 1847-ல் லண்டனில் பிறந்தபோது அவர் அன்னி வுட். வுட் என்றால் காட்டுப் பக்கம் குடியிருப்பவர். அது அப்பன் வீட்டுப் பேர். 1867-ல் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரைக் கட்டிக்கொண்டு பெசன்ட் ஆனார். 1873-ல் சட்டப்படி பிரிந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877-ல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றார். அந்தப் புத்தகத்தையும் அவருடைய நாத்திகத்தையும் காரணம் காட்டி, மகளை அவரிடமிருந்து பிடுங்கி 1878-ல் புருஷனிடம் கொடுத்தது இங்கிலாந்து நீதிமன்றம். பிள்ளையைப் பறிகொடுத்த பெண், பறித்தவனின் பேரைச் சாகும்வரை சுமந்தார். ஆணாதிக்கச் சட்டம் ஒரு பெண்ணுக்குச் செய்த இந்தக் கொடுமையை மறைத்துவிட்டு அவரை விமர்சிக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னும் ஒன்றையும் மறைக்கக்கூடாது. 1888-ல் லண்டன் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்களின் கூலியையும் அபராதக் கொள்ளையையும் அம்பலப்படுத்தி எழுதியவர் அவர். அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். ஏழையின் உடம்பை முதலாளி எப்படி அரிக்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்து எழுதிய கை அது.

அந்தக் கையே 21 வருஷம் கழித்து வேறு ஒன்றை எழுதியது. 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார், 1893-ல் இந்தியா வந்தார், 1907-ல் ஆல்காட் இறந்தபின் சபையின் தலைவரானார். 1909 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் ரிவ்யூ' இதழில், தாழ்த்தப்பட்ட வகுப்புகளை உயர்த்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான். தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைப்பது கூடாது. அவர்களுடைய உடம்பு நாற்றம் உடையது. குடியும் வாடை வீசும் உணவும் அதில் ஊறியிருக்கிறது. பல தலைமுறை சுத்தமான சாப்பாடும் சுத்தமான வாழ்க்கையும் கிடைத்தால்தான், பரம்பரை பரம்பரையாகச் சுத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி அந்த உடம்புக்கு வரும். அதுவரைக்கும் தனிப் பள்ளி. நான் மிகைப்படுத்தவில்லை. அண்ணல் அம்பேத்கர் இந்தக் கட்டுரையைத் தன் 1945ஆம் ஆண்டுப் புத்தகத்தில், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட புத்தகத்தில், விரிவாக எடுத்துப் போட்டு நாறடித்திருக்கிறார். தேடிப் படியுங்கள்.

என்னுடைய ஆத்திரம் எங்கே என்று சொல்கிறேன். தீட்டு என்று பச்சையாகச் சொன்ன சனாதனிக்குக் கூச்சம் கிடையாது, அவனோடு நேருக்கு நேர் மோதலாம். அம்மையார் தீட்டு என்ற சொல்லையே தொடவில்லை. சுகாதாரம் என்றார், பழக்கவழக்கம் என்றார், பரம்பரை உடம்பு என்றார். மனுவின் சரக்கை விஞ்ஞானப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார். அந்தப் புட்டி படித்தவன் வீட்டு அலமாரியில் இன்னும் காலியாகவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பொய் என்பதற்கான சாட்சி அவர் கையெழுத்திலேயே இருந்தது. பெசன்ட் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் எழுதினார். அந்தப் பேரை முதலில் வாங்கியவன் காசு அடித்தவனாக இருக்கலாம், காசு சேர்த்தவனாக இருக்கலாம். பல நூறு வருஷம் கழித்து அதைச் சுமந்த ஃபிராங்க் பெசன்ட் பாதிரி காசும் அடிக்கவில்லை, அவர் உடம்பில் உலோக வாடையும் வீசவில்லை. முன்னோர் செய்த தொழில் பின்னோர் உடம்பில் ஒட்டாது என்பதற்கு இங்கிலாந்தின் குடும்பப் பெயர் அத்தனையும் சாட்சி. ஸ்மித்துக்கு ஒட்டவில்லை, டேனருக்கு ஒட்டவில்லை, பெசன்ட்டுக்கு ஒட்டவில்லை. நமக்கு மட்டும் ஒட்டுமாம். பல தலைமுறைக்குப் போகாதாம்! உலகத்து மதங்களையெல்லாம் படித்த அம்மையார் தன் பேரைப் படிக்கவில்லை.

ரோமாபுரியில் வெஸ்பாசியன் என்று ஒரு பேரரசன், கி.பி. முதல் நூற்றாண்டு. பொதுக் கழிப்பிடத்து மூத்திரத்துக்கு வரி போட்டான். தோல் பதனிடுபவர்களுக்கும் துணி வெளுப்பவர்களுக்கும் அது தேவைப்பட்ட சரக்கு. அவன் மகனே மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பனைக் கேட்டானாம். அப்பன் ஒரு காசை எடுத்து மகன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா பார் என்றானாம். காசு நாறாது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. மூத்திரத்தில் வந்த காசு நாறவில்லை. அந்த மூத்திரத்தில் கை வைத்து வேலை செய்தவன் நாறுகிறான். உலகம் முழுக்க உள்ள இந்தக் கணக்கை, நம்ம ஊரில் சாதி நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டி வாங்குகிறது.

4

வெள்ளைக்காரப் பேருக்குப் பூணூல் போட்ட கதையையும் கேளுங்கள். அம்மையாரின் பக்தர்களுக்கு பெசன்ட் என்ற மிலேச்ச ஓசை உறுத்தியது போலும். வசந்தா என்று மாற்றினார்கள். காசியில் 1913-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு வசந்தா என்று பேர், அடையாறு சபையின் அச்சகத்துக்கும் வசந்தா என்று பேர். பைசாண்டியத்துப் பொற்காசு, இங்கிலாந்துக் குடும்பப் பெயர், ஒரே தாவலில் சமஸ்கிருத இளவேனில்! ஒரு வெள்ளைக்காரப் பேர் உள்ளே வர எவ்வளவு லேசாகக் கதவு திறக்கிறது பாருங்கள். 1914-ல் பாரதி ஆங்கிலத்தில் ஒரு கிண்டல் கதை எழுதினார், பொன் வால் நரியைப் பற்றி. அது அம்மையாரைக் குறித்தது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பாரதிக்கே அவர் வாலில் பொன் மின்னுவது தெரிந்தது என்றால், 1916-ல் அவர் ஹோம் ரூல் கேட்டபோது நம்மவர்கள் அந்தச் சுயராஜ்யம் யாருக்கு என்று கேட்டதில் என்ன தவறு?

இதே வேளையில் எதிர்த்திசையில் ஒரு பேர் பயணம் போனது. பறையர் என்ற நம் பேர் கப்பலேறி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே ஒதுக்கப்பட்டவன், அண்டக்கூடாதவன் என்று பொருளாகி, இன்று உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் கூச்சமில்லாமல் எழுதும் பொதுச்சொல் ஆகிவிட்டது. ஏதாவது ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் அதற்கு நம்ம பேரைச் சூட்டுகிறார்கள். அவர்கள் குடும்பப் பெயர் இங்கே வந்து நகர் ஆனது. நம்ம சனத்தின் பேர் அங்கே போய் வசை ஆனது. பேர்களுக்குள் நடந்த இந்தப் பண்டமாற்றில் நட்டம் யாருக்கு?

5

பெசன்ட் நகர் கடற்கரையில் வடக்கே அடையாற்று முகத்துவாரம் பக்கமாக நடந்தால் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் வரும். மீனவ மக்கள் வாழும் இடம். பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்ற அமெரிக்கரின் பேர் அது. ஆல்காட் என்ற குடும்பப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? பழைய குடிசை. பழைய ஆங்கிலத்தில் 'பழைய', 'குடிசை' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தது. பொற்காசுக்கு நகர், பழைய குடிசைக்குக் குப்பம். இது தற்செயல்தான். ஆனால் சென்னைப் பட்டணத்தில் தற்செயல்கூட சாதி தெரிந்துதான் நடக்கிறது.

ஏனென்றால் 1894-ல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு அடையாறில் இலவசப் பள்ளி திறந்தவர் இந்த ஆல்காட். 1898-ல் பண்டிதர் அயோத்திதாசரை இலங்கைக்கு அழைத்துப் போய், அவர் பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கத் துணை நின்றவரும் இவரே. ஆல்காட் திறந்ததும் தனிப் பள்ளிதானே என்று ஒருவர் கேட்கலாம். தனிப் பள்ளிதான். எந்தப் பள்ளியும் சேர்க்காத பிள்ளைக்கு ஒரு பள்ளி திறப்பது வேறு. சேர்க்கச் சொல்லி அந்தப் பிள்ளை கதவைத் தட்டும்போது, உன் உடம்பு இன்னும் பக்குவப்படவில்லை என்று கதவைச் சாத்துவது வேறு. திறந்தவர் பேர் குப்பத்துக்குப் போனது, சாத்தியவர் பேர் நகருக்கு வந்தது.

அயோத்திதாசர் 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழ் தொடங்கினார். அதன் பேர் 'ஒரு பைசாத் தமிழன்'. அம்மையார் சபைத் தலைவரான அதே ஆண்டு. ஒரு பேருக்குள் பேரரசின் பொற்காசு, இன்னொரு பேருக்குள் ஒரு பைசா. பொற்காசு, பல தலைமுறை பொறு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஒரு பைசா வாரம் தவறாமல் சாதியின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. எது செல்லும் காசு, எது செல்லாக்காசு?

6

இதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு என்கிறீர்களா? என் அம்மா பெசன்ட் நகரில் பத்துப்பாத்திரம் தேய்த்தவர். ஒரு வீட்டில் அவருக்கு என்று பின்பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாத்திரம் முழுவதையும் சுத்தமாக்குகிற கை தொட்ட ஒரு டம்ளர் மட்டும் எப்படி அசுத்தமாகும் என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு வாடகைக்கு வீடு தேடிப் போங்கள். 'வெஜிடேரியன் மட்டும்' என்று போர்டு தொங்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் சாதி எல்லாம் பாக்கிறதில்ல சார், வாடைதான் பிரச்சினை என்பார். 1909-ல் எழுதிய வாசகம், அட்சரம் பிசகாமல் டு-லெட் போர்டில் உயிரோடு இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு இன்னொன்று. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மனுப் போடும்போது சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முழிக்கிறோம். அப்பா பேரை எழுதிச் சமாளிக்கிறோம். வடக்கே படிக்கப் போனால், முழுப் பேர் சொல்லு, சர்நேம் என்ன என்று முதல் நாளே கேட்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்ட மண் இது. வாலை வெட்டியது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வால் போன இடத்தில் தழும்பைத் தடவிப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க இவனுக்குத் தெரிந்திருக்கிறதே!

சொல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதற்கு ஒரு உதாரணம். சேரி என்றால் பழந்தமிழில் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமண ஊரின் பகுதிகளையே சேரி என்றுதான் சொல்கிறது. காலனி என்ற சொல்லைப் பாருங்கள். பெசன்ட் நகரில் கலாக்ஷேத்ரா காலனி என்றால் கௌரவம். உங்க ஊர்ல காலனியா என்று கேட்டால் அதே சொல் கத்தி. 2025 ஏப்ரலில் முதலமைச்சர், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் பேர்ப்பலகையை மாற்றினால் போதுமா? காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற வயலும் சுடுகாட்டுப் பாதையும் யார் பேரில் பட்டா ஆகியிருக்கிறது என்பதல்லவா கேள்வி?

வகுப்பறைக் கேள்வியும் முடிந்துபோகவில்லை. 2023-ல் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பேர்களில் இருக்கும் சாதியை எடுங்கள், கையில் கட்டும் கலர்க் கயிற்றைத் தடுங்கள் என்றது. பிள்ளைகள் கையில் கயிறு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் உட்காரும் உடம்பு தன் உடம்பைவிடத் தாழ்ந்தது என்று பெரியவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக நாகரிகமான மொழியில் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்தது.

7

அப்படியானால் நாம் என்ன செய்வது? பெசன்ட் நகர் பேரை அழித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அழித்தால் அவர் எழுதியதும் மறந்துபோகும். அந்தப் பேர் இருக்கட்டும். அவர் பேரைச் சொல்லும் ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் தீப்பெட்டிப் பெண்களின் வேலைநிறுத்தத்தோடு 1909 கட்டுரையும் இடம்பெறட்டும். பிறந்தநாளுக்கு மாலை போடுகிறவர்கள் அதையும் படித்துவிட்டுப் போடட்டும்.

நம்முடைய பேருக்கு நாம் போட வேண்டிய வழி வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அடிமை முதலாளியின் குடும்பப் பெயரே குடும்பப் பெயராகத் திணிக்கப்பட்டது. மால்கம் லிட்டில் அந்த லிட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, பறிபோன ஆப்பிரிக்கப் பேருக்கு அடையாளமாக எக்ஸ் என்று வைத்துக்கொண்டார். நமக்கு அந்த வெற்றிடம்கூட வேண்டியதில்லை, முன்னோடிகள் இருக்கிறார்கள். பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருக்குக் கற்பித்த ஆசிரியரின் பேர், அவராக எடுத்துச் சூடிக்கொண்டது. சக்பால் குடும்பத்தில் பிறந்தவர் பூர்வீக ஊரான அம்படவேயின் பேரைச் சுமந்து, பிறகு அம்பேத்கர் ஆனார். ஓர் ஆசிரியர் தன் பேரையே கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1922-ல் எம்.சி. ராஜா சட்டசபையில் போராடி, பஞ்சமர், பறையர் என்று அரசு எழுதிவந்த இடத்தில் ஆதிதிராவிடர் என்று எழுதவைத்தார். காந்தி கொடுத்த அரிசனை நம்மவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். தலித் என்பதை 1972-ல் பம்பாயில் சிறுத்தைகள் கொடியாக்கினார்கள்.

வெள்ளைக்காரனுக்குப் பேர் அப்பனிடமிருந்து வந்தது, அவன் பெண்ணுக்குப் புருஷனிடமிருந்து வந்தது. சாதி இந்துவுக்குக் கோத்திரத்திலிருந்து வந்தது. நம்முடைய பெரிய பேர்கள் கல்வியிலிருந்தும் கலகத்திலிருந்தும் வந்தன. இரத்தத்தில் இறங்காத, உழைத்துச் சம்பாதித்த பேர்கள் அவை.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை எவனாவது உங்கள் பேரைக் கேட்டுவிட்டு, முழுப் பேர் என்ன என்று இழுத்தால் கூசாதீர்கள். நீங்கள் எதிர்க்கேள்வி கேளுங்கள்: உன் பேருக்கு என்ன அர்த்தம், உன் முப்பாட்டன் என்ன வேலை செய்தான், அந்த வேலைக்கு நிலம் கொடுத்தது யார், அந்த நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தது யார்? அவன் பேரின் கணக்கை அவனே முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் நம்ம ஒரு பைசாவைச் சுண்டி விட்டுக்கொண்டு, அவன் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்போம்.